அப்பா எந்தச் சோப்பில் குளிக்கிறார்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது, அதாவது அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே முதல் இரண்டையாவது ஒழுங்காகச் செய்கிறாய் என்று நம்புகிறேன். இந்த வாலுவை எழுத வைத்திருப்பது தண்டனைக்காக. என்ன தண்டனை, எதற்கு என்பதெல்லாம் கீழே வரும். நடுவில் அடைப்புக்குறி போட்டுத் தன் பங்குக்கு எதையாவது நுழைப்பாள், கண்டுகொள்ளாதே. (அண்ணா, இது தண்டனை இல்லை, சம்பளமில்லாத செயலாளர் பதவி.)

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. லீவு நாளில் எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று உங்கள் மேலாளர் கேட்கிறார், நீ போனில் போடுகிற படங்களைக்கூடப் பார்க்கிறார், சொல்வதா வேண்டாமா என்று கேட்டாய். அப்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழக் கூடாத சங்கதி ஒன்று என்னிடம் இருந்தது. இப்போது அவர் பஸ் பட்டறைக்குப் போயிருக்கிறார், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் சோப்புக் கம்பெனி விதி உனக்குத் தெரியும், அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் வேறு கம்பெனிச் சோப்பு இருக்கக் கூடாது. முன்பெல்லாம் அது வாய்வார்த்தையோடு போனது, யாரும் வந்து பார்த்ததில்லை. இப்போது நல அதிகாரி என்று ஒரு மேடம் வந்திருக்கிறார், நிரந்தரம் ஆக வேண்டியவர்களின் வீட்டுக்கெல்லாம் விடுமுறை நாளில் நேரில் போகிறார், அதற்குக் குடும்ப நலச் சந்திப்பு என்று பெயர். எடைப் பிரிவில் இருக்கும் அக்கா கடைத்தெருவில் வேறு சோப்பு வாங்கியதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான், அவளுடைய நிரந்தரத்தைக் கை கழுவிவிட்டார்கள். இந்தத் தடவை என் முறை. நான் உறை மடிக்கும் பிரிவில் இத்தனை வருடமாகத் தற்காலிகம்தான், காய்ச்சல் என்று படுத்தால்கூட நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் படுப்பேன். நிரந்தரமாகிவிட்டால் அந்தப் பயம் போகும். (சோப்புக் கம்பெனியில் நிரந்தரமாக வேண்டுமானால் மேலே இருப்பவர்களுக்குச் சோப்பு போடத் தெரிய வேண்டும். அம்மாவுக்கு மடிக்க மட்டும்தான் தெரியும்.)

நம் வீட்டில் இடிக்கிற விஷயம் உன் அப்பாவின் தோல். எங்கள் சோப்பைப் போட்டால் அவருக்கு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் சிவந்து தடித்துவிடும், தூக்கத்தில் சொறிந்து சொறிந்து விரிப்பெல்லாம் ரத்தப் பொட்டு. நீ ஊருக்குப் போன பிறகு தோல் டாக்டர் ஒரு மருந்துச் சோப்பு எழுதிக்கொடுத்தார். அது எதிர்க்கம்பெனி. அதைப் போட ஆரம்பித்த பிறகுதான் மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார். மேடம் வருகிறார் என்று தெரிந்ததும் அந்தச் சோப்பை எடுத்து பீரோவில் சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வை என்று உன் தங்கையிடம் சொன்னேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா, அப்பாவின் சோப்புப் பெட்டி காலியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று தானே முடிவு கட்டி, கத்தியால் மருந்துச் சோப்பின் பெயரைச் சீவி எடுத்துவிட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் எங்கள் கம்பெனிப் பெயரைக் குடைந்து வைத்துவிட்டாள். இரண்டும் வெள்ளைதானே என்று நினைப்பு. எனக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. (கணக்குப் பரீட்சைக்குக்கூட அந்தக் காம்பஸ் அவ்வளவு உழைத்ததில்லை.)

மேடம் வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார், சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தார், திரைச்சீலை நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கை கழுவ வேண்டும் என்று எழுந்து நேராகக் குளியலறைக்குப் போனார், சமையலறைக் குழாய் பக்கத்திலேயே இருக்க. கழுவிவிட்டு, வாசனை கொஞ்சம் வேற மாதிரி இருக்கே என்று கேட்டார். இவள் கொஞ்சமும் கூசாமல், எங்க ஏரியா தண்ணியே அப்படித்தான் மேடம், டீகூட அப்படித்தான் இருக்கும் என்றாள். பாவம், அவர் டீக் கோப்பையைத் திரும்பிப் பார்த்தார். அத்தோடு போயிருந்தால் சரி. மேடம் வருவதற்கு முன்பே குளித்துவிட்டு, உள்ளறையிலிருந்து தோளில் துண்டோடு வந்து நின்ற உன் அப்பாவிடம், நம்ம சோப்பு எப்படி சார் இருக்கு என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்குத்தான் ஒன்றும் தெரியாதே, டாக்டர் எழுதிக்கொடுத்ததைப் பற்றித்தான் கேட்கிறார், எல்லாம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, இதைப் போட்டதுக்கப்புறம்தாம்மா எனக்கு அரிப்பே நின்னுச்சு, பாருங்க என்று கையை நீட்டிக் காட்டினார். மேடத்துக்கு முகமெல்லாம் பல். அடுத்த மாதம் கம்பெனி ஆண்டு விழாவில் முதலாளி முன்னால் மேடையேறி நீங்கள் இதைச் சொல்ல வேண்டும், உங்கள் கையைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடுவோம், உங்கள் மனைவியின் நிரந்தரத்தைப் பற்றி நீங்கள் கவலையே படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் சோப்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் சோப்பில் பெயர் மேடாக இருக்கும், இதில் பள்ளமாக இருந்தது. அப்புறம் உன் தங்கையைப் பிடித்து விசாரித்தேன். (விசாரித்தாளாம். கழுவிக் கழுவி ஊற்றினாள் அண்ணா, நான் கரையாததுதான் ஆச்சரியம்.) அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு துண்டை உதறிக் கொடியில் போட்டார். அப்புறம், உனக்கு வேலை நிலைக்கும்னா நான் ஏறிச் சொல்லிடறேன், ரெண்டு நிமிஷப் பேச்சுதானே என்றார். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும், உனக்கே தெரியும், அவரைக் கொண்டுபோய் மேடையில் நிறுத்தவா? இன்று பொய், நாளைக்கு விளம்பரத்தைப் பார்த்து இன்னொரு அரிப்புக்காரன் எங்கள் சோப்பை வாங்கித் தேய்த்துக்கொண்டு சொறிவான்.

திங்கட்கிழமை காலையிலேயே மேடம் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அப்ப தண்ணி அப்படின்னு உங்க பொண்ணு சொன்னது என்று இழுத்தார். அவ வாய் அப்படி மேடம், தண்ணி நல்ல தண்ணிதான் என்றேன். சிரிக்கவில்லை. விதி விதிதான், உங்கள் நிரந்தரத்தை இப்போது அனுப்ப முடியாது, மறுபடி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்றார். வாங்க மேடம், டீ தரேன், முன்னறையில உக்காந்து பேசுங்க, குளிக்கிற இடத்துக்கு மட்டும் இனிமே விட மாட்டேன், சங்கு ஊதற வரைக்கும் இந்தக் கையி உங்களுக்கு மடிக்கும், அதுக்கப்புறம் அது எங்க வீட்டுக் கையி என்றேன். சாப்பாட்டு நேரத்தில் எடைப் பிரிவு அக்கா இதைக் கேட்டுவிட்டு, நானும் இனி முன்னறையோட நிறுத்தப்போறேன்டி என்றாள். மற்றவர்கள் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு நெருக்கடி.

அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான். வேலை நேரத்துக்குச் சரியாகக் கணக்குச் சொல். லீவு நாளில் எங்கே போனாய் என்பதை உனக்குப் பிடித்தால் சொல், பயந்து மட்டும் சொல்லாதே. ஒரு தடவை பயந்து கதவைத் திறந்துவிட்டால் அப்புறம் அவர்கள் தட்டக்கூட மாட்டார்கள். அதே சமயம் அம்மா எதிர்த்துப் பேசினாள் என்று நீ அங்கே போய் வீரம் காட்ட வேண்டாம், உன் சூழ்நிலை உனக்குத்தான் தெரியும். எது செய்தாலும் எனக்குச் சம்மதம். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

இப்போது அந்தச் சங்கதி. என் நிரந்தரம் தன்னால்தான் நின்றது என்று உன் அப்பா மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார். நீ போன் பண்ணுவதற்கு முந்தின நாள் துணி மடிக்கும்போது அவருடைய சட்டைக் காலரில் பழையபடி ரத்தப் பொட்டு. குளியலறையில் போய்ப் பார்த்தேன், மருந்துச் சோப்பு காய்ந்து கிடக்கிறது, எங்கள் சோப்பு ஈரமாக இருக்கிறது. மேடம் திரும்பி வருவதற்குள் உடம்பைப் பழக்கிவிடலாம் என்று நினைக்கிறார் போல. நான் கேட்டால் இல்லவே இல்லை என்பார், காது சிவக்கும், எனக்குத் தாங்காது. (நான் கேட்டுப் பார்த்தேன் அண்ணா. ஜோக் அடித்துப் பேச்சை மாற்றிவிட்டார். ஜோக் நன்றாகவே இல்லை.) நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கே போன் பண்ணு, இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, தோல் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகக் கேள், டாக்டர் கொடுத்ததையே போடச் சொல். அம்மாவுக்கு வேலை போனாலும் வீட்டில் சோறு வேகும், உங்கள் கை புண்ணானால் அம்மாவுக்குத் தூக்கம் வராது என்று நீயாகச் சொல்வதுபோல் சொல்.

நீ நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் கூனிக் குறுகாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுத்து: வாலு. காலையில் பண்ணு அண்ணா, அவர் குளிக்கப் போவதற்கு முன்னால்.)