கதவுக்கு எழுத இடமில்லை

பதிவு 1. நிலவு, தென்துருவம், மூன்றாம் குடில். காலை 6.10

காகித நோட்டில் எழுதுவது சூசையம்மாள், சமையல். மூச்சுக்காற்று விசிறி ஓடுகிறது. வெப்பம் சரி. பனி வெட்டும் ஆட்கள் பக்கத்து முகாமுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும்.

கதவு திறக்கவில்லை. இங்கே கதவு திறக்குமுன் மெஷின் அதைத் தன் டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும். டிஸ்க் நிரம்பிவிட்டது. எழுத இடமில்லை, அதனால் திறக்காது. இங்கே கிடந்த பெரிய டிஸ்க் ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறேன். உயிர்வளி உருளைகள் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம்.

பதிவு 2. காலை 9.40

பூமியிலிருந்து பேசுவது எட்வின். என் மகள் ரெஜினாவின் புருஷன். கல்யாணப் பந்தியில் என் அண்ணனை எழுப்பிவிட்டுத் தன் அதிகாரியை உட்காரவைத்தவர். அண்ணன் இலையில் அவியல் தொடாமல் கிடந்தது. அன்றிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை. இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான். அதற்காகப் பேசிவிட முடியாது. ரேடியோ பொத்தானில் ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இல்லை.

"அத்தை, டிஸ்க்குன்னா பெரிய ஹால். சுவர் வெச்சு ரூம் பிரிச்சாதான் மெஷின் அதுல எழுதும். சின்னதுக்குத் திரையில பேரு எஸ்டிஏ, அதுல மெஷின் குடியிருக்கு. நீங்க சொருகின பெருசு எஸ்டிபி. அதை மட்டும் தொடுங்க."

ஒரு தட்டு.

பதிவு 3. மதியம் 1.15

வரிசையாக நிற்கும் மலை முகடுகளில் ஒன்றின் நிழல் சூரியப் பலகையில் விழும்போதெல்லாம் மின்சாரம் ஒருமுறை வெட்டி, பேட்டரிக்கு மாறும். இன்றும் வெட்டியது. மெஷின் அணைந்து எழுந்தது.

திரையில் இப்போது பெரியதுக்கு ஏ என்று இருக்கிறது. சின்னதுக்கு பி.

"வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்லுங்க அத்தை. தட்டு பத்தாது."

படித்தவர், அவருக்குத் தெரியாதா. இரண்டு தட்டு. தொடச் சொன்னது பி-யைத்தானே. பி-யில் பழைய சுவர்களை இடித்துப் புதிது வைத்தேன். மெஷின் ஏதோ கத்தியது. சரி என்று கொடுத்தேன்.

பதிவு 4. மாலை 4.30

நிழல் நகர்ந்து வெயில் வந்துவிட்டது. புது அறை தென்படவில்லை. வேறு வழியில்லை. பேசினேன்.

"மாப்பிள்ளை, பெருசு இப்போ ஏ. சின்னது பி. பி-லதான் சுவர் வெச்சேன்."

"ஐயோ அத்தை! மெஷின் குடியிருக்கிற வீட்டையே இடிச்சிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும் அன்னைக்கு எங்க அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இரைச்சலுக்கு நடுவே சொன்னார்.

"கேட்டிருக்கணும். தப்புதான். இப்ப எதையும் அணைச்சிராதீங்க. மெஷின் இன்னும் பழைய சுவரைத்தான் மனசுல வெச்சு ஓடுது. அணைஞ்சா எந்திரிக்காது. விசிறியும் சுத்தாது. அடுத்த நிழலுக்குள்ள பழைய சுவரை அதே இடத்துல கட்டணும். திரையில பழைய சுவரோட நம்பர் இன்னும் இருக்கும், வாசிங்க."

வாசித்தேன். முதல் அறை கட்டியாயிற்று. இரண்டாவதும். என் குரல் நடுங்குகிறது என்றார். வயசு என்றேன்.

பதிவு 5. மாலை 6.50

மூன்றாவதுதான் விசிறியை ஓட்டும் அறை. அதன் எண்களை அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பேச்சைக் கடத்தும் செயற்கைக்கோள் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பரவாயில்லை, ஒருமுறை கேட்டது எனக்கு மறக்காது. தொடக்கம் அடித்தேன். முடிவு அடித்தேன்.

மெஷின் ஒரு கேள்வி கேட்கிறது. முதல் இரண்டு அறைக்கும் கேட்காத கேள்வி. சிவப்பு எழுத்து. கடைசியில் 'ஒய்' என்று ஓர் இங்கிலீஷ் எழுத்து, 'என்' என்று ஓர் எழுத்து. மற்றது படிக்கத் தெரியவில்லை. அறையில் இருப்பதை வைத்திருக்கவா, துடைக்கவா என்று கேட்கிறதோ? எது வைப்பது, எது துடைப்பது?

பதிவு 6

மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கத்திப் பார்த்தேன். இரைச்சல்கூட இல்லை.

நிழல் பலகையின் பாதிக்கு வந்துவிட்டது. விளக்கு மங்குகிறது. இனிமேல் கேட்க ஆளில்லை.

'என்' எழுத்தின் மேல் விரல் வைத்திருக்கிறேன். இல்லை, 'ஒய்'. ஐயோ, கைக்கு எதுவும் தெரியவில்லை. விளக்கு மறுபடியும்

அழுத்