நிலானிக்கு ஒதுக்கிய இருக்கை

பெப்ரவரி 22, திங்கள்

காலையிலிருந்து தூறல். பயிற்சி அரை மணி பிந்தியது. இருபத்தாறு கருவிக்கும் சார்ஜ் ஏற்றி, உள்ளங்கிகளின் முதுகுப் பையில் செருகி, எண் வரிசையில் மேசையில் அடுக்கியாயிற்று. யார் எவ்வளவு ஓடினான், எவ்வளவு வேகத்தில் என்று இவைதான் எனக்குச் சொல்லும். பன்னிரண்டாம் எண் மறுபடி சார்ஜ் பிடிக்கவில்லை.

வாங்க: பற்பசை, கறுப்பு டேப், ஷேவ் பிளேட்.

சிட்னி வந்து எட்டாவது கிழமை. கொரோனாவால் நியூசிலாந்து எல்லை இன்னும் மூடித்தான். இந்தப் பருவம் முழுக்க எங்கள் நியூசிலாந்துக் கால்பந்துக் கழகத்தின் 'சொந்த மைதான' ஆட்டங்களும் இங்கேதான். நேற்று அப்படி ஒன்று. சொந்த மைதானம் என்று பெயர், வந்தவர்களில் முக்கால்வாசி எதிரணிக்குக் கத்தினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் அணி மேலாளர் ஜோ கதிரையில் ஏறி நின்று அறிவித்தாள். நியூசிலாந்திலிருந்து குடும்பங்களை விமானத்தில் கூட்டி வருகிறார்கள். மார்ச் 5. இருபத்திநாலு இருக்கை. இடம் போதாது என்பதால் ஒரே வீட்டில் வசிக்கிறவர்களுக்கு மட்டும். விசில், கைதட்டல், யாரோ பாண் துண்டு எறிந்தான்.

பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். பதினேழாவது வரி: நிலானி. உறவு: மனைவி. என் பெயருக்கு நேரே.

நிலானி செத்து ஆறு மாதம்.

மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. ஒகஸ்டில். மூன்று நாள் கிடந்தாள். ஒக்டோபரில் இந்த வேலைக்குப் படிவம் நிரப்பினேன். கணினி பழைய விவரங்களைத் தானாகவே போட்டது: முகவரி, பிறந்த திகதி, மனைவியின் பெயர். பார்த்தேன். அழிக்கவில்லை. அனுப்பினேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்: வீட்டில் இருக்கிறாள்.

ஜோ முதுகில் தட்டினாள். (இங்கே எல்லோரும் ஆங்கிலம்தான். எழுதுவது என் தமிழில்.)

"சென், கடைசியிலை உன்ரை மனுசியைக் காணப்போறம்!"

"ஓம்."

பெப்ரவரி 23, செவ்வாய்

வெயில். தொடைத்தசை நோவு இரண்டு பேருக்கு. அறிக்கை அனுப்பினேன்.

கோல்காப்பாளர் டோமாசி என் பக்கத்து அறை. மெல்லிய சுவர். அவனுடைய துணைவியும் கைக்குழந்தையும் பட்டியலில். மூத்த மகள் சினா இல்லை. ஒன்பது வயது, முதல் மனைவியின் பிள்ளை. தாயோடு வசிக்கிறாள், சனி ஞாயிறு மட்டும் இவனோடு. ஒரே வீடு இல்லை. ஜோ கேட்டுப் பார்த்தாளாம், இருபத்தைந்தாவது இருக்கை கிடையாதாம்.

ஆறு மணிக்கு எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில், காதில் போனோடு. இங்கே ஆறு, அங்கே எட்டு, பிள்ளைகள் படுக்கிற நேரம். நானும் போவேன். அறையில் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

டோமாசி குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"இல்லை செல்லம், விமானம் நிறைஞ்சு போச்சு... ஓம், பெரிய விமானம்தான்... பெரிசு எண்டாலும் நிறையுந்தானே... நீ சின்ன ஆள்தான், தெரியும்... மடியிலை இருக்க விடாயினம்... கோவமோ? அப்பாவோடை கதைக்க மாட்டியோ?... சரி. அம்மாட்டைக் குடு."

எழும்பியபோது என்னைக் கண்டான். "நீ கதை, கதை. குழப்பிப் போட்டன்."

என் போனில் ஒருவரும் இல்லை. "பிறகு எடுக்கிறன்" என்று அதற்குச் சொன்னேன்.

பெப்ரவரி 24, புதன்

முகில். பன்னிரண்டாம் எண்ணுக்கு மாற்றுக் கருவி வந்தது.

தினமும் காலையில் ஆட்டக்காரர்கள் போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தூக்கம், நோவு, மனம். ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்து என்றால் மிக நல்லம். டோமாசி இன்றைக்கு: தூக்கம் 5, மனம் 5. விடியும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மருத்துவக் குழுவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிவத்தில் பொய் எழுதினான் என்று நான் எப்படி முறையிடுவது.

ஜோ, கையில் பட்டியலோடு: "விமானத்திலை சாப்பாடு. நிலானி சைவமோ?"

"வெள்ளிக்கிழமையிலை மட்டும்."

"விமானம் வெள்ளிதான். அப்ப சைவம்." எழுதிக்கொண்டாள். "பெயர் ஏதும் மாத்திறதெண்டால் திங்கள் பகல் பன்னிரண்டுக்கு முதல். பிறகு ஏலாது."

பெப்ரவரி 25, வியாழன்

விடுமுறை. ரயிலில் டூங்கபி. சுகந்தி அக்கா வீடு. நிலானியின் ஒரே அக்கா. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. எல்லை மூடியிருந்ததால் செத்த வீட்டுக்கு வர முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் இருந்து போனில் பார்த்தவர்.

"வாரும். என்ன இப்பிடி மெலிஞ்சு போனீர்?"

புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் பொரியல். இரண்டாம் தரம் போட்டபோது சொன்னேன். படிவம், பட்டியல், இருக்கை, டோமாசியின் மகள், எல்லாம்.

"அப்ப அவையளுக்கு அவள் உயிரோடையோ?"

"ஓம்."

அகப்பையைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எங்கை இருக்கிறாளாம்?"

"வீட்டிலை."

"என்ன செய்யிறாளாம்?"

"வேலைக்குப் போறா. கார் பழகுறா."

"அவளோ! காரோ!" சிரித்துவிட்டார். "சோதினை எத்தினை தரம் பெயிலாம்?"

"ரெண்டு."

"ரெண்டு காணாது. நாலு எண்டு சொல்லும், அப்பத்தான் நம்புவினம்." பிறகு, "தலைமயிர் வெட்டினவளோ?"

"இல்லை."

"வெட்டப்போறன் வெட்டப்போறன் எண்டு ரெண்டு வருசமாச் சொன்னவள்."

எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் கனநேரம் ஓடியது. நான் புட்டைச் சாப்பிட்டு முடித்தேன். சாப்பிட முடிந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். "நானும் அப்பிடித்தான். வோர்ட்டிலை ஆரும் கேட்டால், தங்கச்சி நியூசிலாந்திலை எண்டு சொல்லுறனான். பொய்யில்லைத்தானே. சாம்பல் அங்கைதானே கிடக்குது, உம்மடை வீட்டு அலுமாரியிலை."

"ஓம்."

"எனக்கு ஆரையும் தள்ளிப்போட்டு அவளை வைச்சிருக்கத் தேவையில்லை. உமக்கு அப்பிடியில்லை. அங்கை ஒரு பிள்ளை பெட்டி அடுக்காமல் இருக்குது. சொல்லிப்போடும், தம்பி."

"நாளைக்குச் சொல்லுறன்."

மிச்சப் புட்டைப் பெட்டியில் போட்டுத் தந்தார். ரயிலில் மடியில் சூடாக இருந்தது.

பெப்ரவரி 26, வெள்ளி

காற்று. ஜோவின் அறைக்கு இரண்டு தரம் போனேன். முதல் தரம் போனில் இருந்தாள். இரண்டாம் தரம் சும்மா இருந்தாள்.

"சொல்லு, சென்."

"பன்னிரண்டாம் எண் கருவி மாத்தியாச்சு."

"அது உன்ரை வேலையெல்லோ? எனக்கேன் சொல்லுறாய்?"

"சும்மா. தெரிஞ்சிருக்கட்டும் எண்டு."

பின்னேரம் மெல்பேர்னுக்கு விமானம். சீப்பை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 27, சனி, மெல்பேர்ன்

கடும் வெயில். 2–1 தோல்வி. இரண்டாவது கோல் டோமாசியின் கைக்கு அடியால் போனது. அவன் தடுக்கக்கூடிய பந்து. உடைமாற்றும் அறையில் அவன் கையுறையைக் கழற்றாமலே இருந்தான்.

வாடகை பஸ்ஸின் ட்ரைவர் தமிழர். டண்டினொங்கில் இருக்கிறார். ரவி அண்ணை. நான் கருவிப் பெட்டிகளை ஏற்றும்போது வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

"எல்லாற்றை குடும்பமும் வருகுதாமே? பெடியள் வழி முழுக்க அதுதான் கதைச்சுக்கொண்டு வந்தவங்கள்."

"ஓம், அண்ணை."

"உங்கடை மனுசியும் வாறாவோ?"

"பெயர் இருக்குது."

"குடுத்து வைச்சனீங்கள். நான் கடலாலை போட்டிலை வந்து ஒன்பது வருசம். மனுசி வவுனியாவிலை. வெளிக்கிடேக்கை மகளுக்கு ரெண்டு வயது, இப்ப போனிலை என்ரை இங்கிலீசுக்குப் பிழை பிடிக்கிறாள். என்ரை விசாவிலை ஒருத்தரையும் கூப்பிட ஏலாது." பெட்டியை உள்ளே தள்ளினார். "இவங்கள் ரெண்டு மாசத்துக்கே மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரியிறாங்கள். உங்கடை கிளப்பிலை ட்ரைவர் வேலை வந்தால் சொல்லுங்கோ, நானும் அந்த லிஸ்டிலை ரெண்டு பெயர் குடுக்கிறன்."

பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்து, "ஓம், குடுத்து வைச்சனாங்கள்தான்" என்றேன்.

இந்த எட்டுக் கிழமையில் சொன்னவற்றில் மோசமானது இதுதான்.

பெப்ரவரி 28, ஞாயிறு

திரும்பி சிட்னி. உடுப்புத் தோய்த்தேன். சப்பாத்துக்கு நூல் வாங்கவில்லை.

ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். தமிழில் சொல்ல வேண்டி வந்ததே இல்லை, தெரிந்தவர்களுக்கு முதலே தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் முதலாவது, ஆஸ்பத்திரிக் கடிதம் மாதிரி. இரண்டாவது, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, அரைப் பக்கம். மூன்றாவது நாலே சொல்.

நாலு சொல்தான். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். மூன்று சொல்வரை வந்தது.

ஆறு மணிக்கு டோமாசி வெளியே வரவில்லை. மகள் போனை எடுக்கிறாள் இல்லையாம்.

மார்ச் 1, திங்கள்

மழை. பயிற்சி உள்ளரங்கில்.

காலைப் படிவம், டோமாசி: தூக்கம் 5, மனம் 5.

11.40. ஜோவின் அறை. கதவைச் சாத்தினேன். நாலு சொல்லும் சொன்னேன்.

எழும்பிவிட்டாள். "கடவுளே. எப்ப? இப்பவோ? ஆர் போன் பண்ணினது? இரு, இரு, உன்னை உடனை அனுப்ப வேணும்..." போனைக் கையில் எடுத்தே விட்டாள். இது நான் யோசித்திராத ஒன்று.

"இப்ப இல்லை. ஒகஸ்டிலை."

"எந்த ஒகஸ்ட்?"

"போன ஒகஸ்ட்."

மெதுவாகக் கதிரையில் இருந்தாள். கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"நீ எங்களிட்டைச் சேர முதல்."

"ஓம்."

"நான் ஒவ்வொரு கிழமையும் உன்னட்டைக் கேட்டனான், சென்."

"தெரியும்."

"சைவமோ எண்டு கேட்டனான்! வெள்ளிக்கிழமையிலை மட்டும் எண்டு சொன்னனி!"

"அது உண்மை."

வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. கோபமும் இருந்தது. இருக்கத்தான் வேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். 11.51.

"ஜோ, அந்த இருக்கைக்கு டோமாசியின்ரை மகளின்ரை பெயரைப் போடு. இன்னும் ஒன்பது நிமிசம் கிடக்குது."

விமானக் கொம்பனிக்கு அடித்தாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டு ஓடும் வரைக்கும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிறகு ஆள் வந்தது. நிலானியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி நீக்கினாள். சினாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சேர்த்தாள். 11.57.

நான் போய் உள்ளங்கிகளை எண்ணினேன். இருபத்தாறு. சரி.

பின்னேரம் கதவில் தட்டு. டோமாசி. கதவு முழுக்க அவன்தான்.

"ஆறு மணிக்கு ஆரோடை கதைச்சனி?"

"வானிலை அறிவித்தல்."

"எட்டுக் கிழமையுமோ?"

"ஓம். மழை வாறதெண்டால் கோச்சுக்கு முதல் எனக்குத் தெரியும்."

சிரித்தான். பிறகு உள்ளே வந்து கட்டிலில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்தான். அரை மணி இருந்திருப்பான். சுகந்தி அக்காவின் மிச்சப் புட்டைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். சீனி கேட்டான்.

மார்ச் 2, செவ்வாய்

வெயில். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் போய்த் தட்டோடு இருந்தேன். ஒருவன் உப்பை என் பக்கம் நகர்த்தினான். நான் கேட்கவில்லை. இன்னொருவன் மிளகையும் நகர்த்தினான். பிறகு தக்காளி சோஸ். என் தட்டைச் சுற்றி ஒரு கடை.

சுகந்தி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: சொல்லியாச்சு. பதில்: நல்லது. ஞாயிறு வாரும். தனியவோ, அவளோடையோ?

கடைசி வரி விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அக்காவின் பகிடி.

மார்ச் 5, வெள்ளி

தெளிந்த வானம். விமானம் இருபது நிமிடம் பிந்தியது. பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று ஜோ கேட்டாள், போனேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஓட்டம், கட்டிப்பிடிப்பு, முகக்கவசத்துக்கு மேலால் முத்தம். டோமாசி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். சினா ஓடி வரவில்லை. பையைப் போட்டுக்கொண்டு நடந்து வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எனக்கு ஜன்னல் தரேல்லை."

"என்ன செல்லம்?"

"நடு சீற். வழி முழுக்க நடு சீற். இந்தப் பக்கத்து ஆள் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. சாப்பாட்டிலை இறைச்சியும் இல்லை."

டோமாசி அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். அவளுடைய பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். ஊதா நிறம், ஒரு சில்லுச் சுற்றாது. பஸ் வரைக்கும் தூக்கித்தான் போக வேண்டியிருந்தது.

நடு இருக்கை. நிலானி என்றால் மூன்று மணித்தியாலமும் பொறுத்திருந்து, வெளியே வந்ததும் வராததுமாக, இத்தனை பேருக்கு முன்னால் என்னைத் திட்டியிருப்பாள்.