ரஹீம் கடைப் பலகையில் உன் பேர்

என் கோபக்காரி பிலோவுக்கு,

இன்றைக்கு மத்தியானம் ரஹீம் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆமாம், கல்மண்டபத்துப் பக்கம் இருக்கிற அதே ஜப்பான் சாப்பாட்டுக் கடைதான். நீ இரண்டு வருஷமாகக் கூப்பிட, "பச்ச மீனைப் பூனை துன்னும், மனுசன் துன்னுவானா" என்று சொல்லியே நான் தட்டிக் கழித்த கடை. நீ இருக்கும்போது வராதவன், நீ போய் ஏழு வாரம் கழித்துத் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு நீ என்னென்ன பேசுவாய் என்று எனக்கு மனப்பாடம். பேசேன். கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கேட்பாய். நம் ஜெசி முப்பதாம் நாள் பூசை வரைக்கும் இருந்துவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டாள். "நீயும் வாப்பா" என்று கெஞ்சினாள். காலடிப்பேட்டையை விட்டு வரமாட்டேன் என்றேன். வீம்புதான், வேறென்ன?

அவள் போன மறுநாள் காலையில், துண்டை எங்கே வைத்தாய் என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினேன். துண்டு என் தோளில்தான் இருந்தது. "கண்ணு இன்னா பொடனிலயா கீது" என்று கேட்க ஆளில்லை. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் மேலே ஒண்டியாக உட்கார்ந்தவன் நான், தனிமையெல்லாம் எனக்குப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அப்போது வேலை முடிந்து இறங்கினால் நீ இருந்தாய். அதற்குப் பேர் தனிமையே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். நம் கோயில் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னேன், உண்மையையும் நாலு பேர் படிக்கட்டும்.

உன் மாடித் தோட்டம் செத்துப்போச்சு பிலோ. நான்தான் கொன்றேன்.

காசிமேட்டில் மீன் வந்து இறங்கிய தெர்மாகோல் பெட்டிகளைப் பொறுக்கி வந்து, மண்ணும் சாணமும் போட்டு நீ வளர்த்த முள்ளங்கி, பசலை, கத்தரி எல்லாம் போச்சு. சாவு வீட்டுக் கூட்டத்தில் ஒரு வாரம் யாருமே மாடி ஏறவில்லை. எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மீன் குடலும் வெல்லமும் போட்டு ஊறவைத்திருந்தாயே, பக்கத்து வீட்டோடு சண்டை வந்ததே, அந்தக் கரைசல். பாட்டில் நிறைய இருந்தது. மொத்தத்தையும் பெட்டி பெட்டியாக ஊற்றினேன்.

ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருப்பாய். நான் எங்கே காது கொடுத்தேன்? பட்டினி கிடந்த பிள்ளைக்குத் தட்டு நிறையப் போடுகிற மாதிரி போட்டேன். மூன்றாம் நாள் ஒரு இலை மிச்சமில்லை. வேரோடு வெந்துபோச்சு.

அந்த வெள்ளிக்கிழமை உன் போன் அடித்தது. அதை நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

"அக்கா, பத்து நாளா ஆளியே காணோம். நாளிக்கு முள்ளங்கி கொஞ்சம் ஜாஸ்தியா வோணும்" என்றான் ரஹீம்.

"மாமா பேசறேம்ப்பா."

"அக்கா இல்லியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நம் காலடிப்பேட்டைத் தெருக்களில்தான் ஒட்டினோம். கல்மண்டபம் வரைக்கும் சேதி போகவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். வாயில் வந்தது வேறு. "மவ வூட்டுக்குப் போய்க்கீறா. முள்ளங்கிய நா எட்தாறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் முள்ளங்கி வாங்கினேன். எந்த ஊர் மண்ணில் என்ன மருந்தடித்து வளர்ந்ததோ, கேட்கவில்லை. நீ செய்கிற மாதிரியே இலையை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்தேன். காற்றில் வருகிற கரித்தூள் படியும் என்று நீ விடிந்ததும் மாடி ஏறி ஒவ்வொரு இலையாகத் துடைப்பாயே, அப்படி. அதைப் பார்த்துத்தானே ரஹீம் உன்னைத் தேடிப் பிடித்தான்? வாழைநாரில் கட்டி, உன் பையிலேயே போட்டு, ஷேர் ஆட்டோ ஏறிப் போனேன். ஒரு தடவைதான் என்று நினைத்தேன்.

அங்கே சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்துவிட்டேன், அதுதான் வினை. அன்றைக்கு என்ன சாப்பாடு, மீன் யார் வலையில் வந்தது, காய் யார் வீட்டில் காய்த்தது என்று ரஹீம் சாக்பீஸால் எழுதுவான் என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் பார்த்ததில்லை. என் கண் முன்னால், முத்து முத்தான எழுத்தில் எழுதினான்: "பிலோ அக்கா மாடி முள்ளங்கி."

கல்லறையில் உனக்கு இன்னும் மரச்சிலுவைதான். கல் வெட்டுகிறவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்கிறார். ரேஷன் கார்டிலிருந்து உன் பேரை எடுத்தாகிவிட்டது. ஊரெல்லாம் உன் பேரை எடுத்துக்கொண்டிருக்க, ஒருத்தன் மட்டும் புதுசாக எழுதிக்கொண்டிருந்தான். நான் என்ன செய்வேன் சொல்லு? புதன், சனி தவறாமல் மார்க்கெட்டுக்கும் அவன் கடைக்கும் போனேன். வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் நான் சவரம் பண்ணினேன்.

ஒவ்வொரு தடவையும் அவன் கேட்பான், "அக்கா எப்ப வர்து?" நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜெசிக்கு உடம்பு சரியில்லை. பேத்திக்குப் பரீட்சை. அங்கே குளிர் நல்லாயிருக்காம். சொல்லச் சொல்ல, நீ அங்கே வராந்தாவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிய ஆரம்பித்தது.

இன்றைக்கு முள்ளங்கியைக் கொடுத்துவிட்டுக் காலிப் பையோடு திரும்பினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு வருசமா அக்கா உன்ன இட்டாறேன்னு சொல்லிகினே கீது. அது வந்தா என்னியதான் கேக்கும், மாமாவ வெறும் வயித்தோட அனுப்பினியான்னு. குந்து மாமா."

எட்டே எட்டு ஸ்டூல். அடுப்பைச் சுற்றி நீட்டமாக ஒரு மர மேசை, அதற்கு முன்னால் வரிசையாக உட்கார வேண்டும். பக்கத்து ஸ்டூலில் நீ இல்லை. அதில் உன் காய்கறிப் பையை வைத்துக்கொண்டேன்.

முதலில் பசலைக்கீரை போட்ட சூப்பு. பிறகு பச்சை வஞ்சிரம், மெல்லிசாக இரண்டே துண்டு. அந்தக் குச்சிகளை வைத்துக்கொண்டு நான் முழிப்பதைப் பார்த்து, "கையாலயே துன்னு மாமா, ஒண்ணியும் ஆவாது" என்றான். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். நல்லாத்தான் இருந்தது பிலோ. இரண்டு வருஷம் உன்னோடு வாதாடியதற்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் உப்புத் தடவி நெருப்பில் சுட்ட கானாங்கெளுத்தி வந்தது. பக்கத்தில் துருவிய முள்ளங்கி ஒரு குவியல். உன் முள்ளங்கி துருவினால் காரம் மூக்கில் ஏறும். இது வெறும் தண்ணி. விழுங்கவே முடியவில்லை. தலையைத் தூக்கினால் எதிரே பலகையில் உன் பேர்.

இரண்டு ஸ்டூல் தள்ளி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாசம் இருக்கும், வயிறு மேசையில் இடித்தது. அவளும் அதே முள்ளங்கியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுதியிருக்கிற பிலோ அக்கா யார் என்று ரஹீமிடம் கேட்டாள். அவன் என்னைக் காட்டி, "அவங்க வூட்டுக்காரர்தான் இவுரு" என்றான்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "மருந்தடிக்காத காய்னு இந்த ஒரு எடத்துலதான் நம்பித் துன்றேன் அங்கிள். பொறக்கறது பொண்ணோ புள்ளையோ, தூக்கினு வந்து அக்காவுக்குக் காட்டணும். சொல்றீங்களா?"

இத்தனை நாள் ரஹீமிடம் சரளமாக வந்த பொய் இவளிடம் வரவில்லை. சொல்றீங்களா என்று கேட்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வேன்?

"அவ செத்துட்டாம்மா" என்றேன். "ஏயு வாரம் ஆச்சு. இது மார்க்கெட் முள்ளங்கி. நீ துன்னாத."

உன்னைப் பற்றி அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சவப்பெட்டிக்காரரிடம்கூட ஜெசிதான் பேசினாள்.

ரஹீம் அடுப்பை அணைத்தான். அந்தப் பெண்ணின் தட்டை எடுத்தான், என் தட்டை எடுத்தான், நான் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த முள்ளங்கியையும் சேர்த்துக் குப்பைக் கூடையில் கொட்டினான். தோளில் கிடந்த துண்டால் பலகையைத் துடைத்தான். உன் பேர் போய்விட்டது. திட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். ஏமாற்றுக்காரன் என்று சொல்லட்டும், நியாயம்தானே?

அவன் திரும்பியபோது முகமெல்லாம் கண்ணீர்.

"முள்ளங்கி வுடு மாமா. அது போய்த் தொலையட்டும். அக்கா பூட்ச்சுன்னு ஒரு வார்த்த எனக்குச் சொல்லலியே நீ. ஒரு கை மண்ணு போட நா வந்திருக்க மாட்டேனா? எங்கம்மா மவுத்துக்கே நா ஜப்பான்ல மாட்டிகினு வர முடியல. இப்ப இதுக்கும் இல்லாம பண்ணிட்டியே."

பிலோ, ஏழு வாரமாக இந்த உலகத்தில் உன்னை இழந்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய் கொடுக்கப் போகிறேன் என்று போய் நீ ஏன் ஒரு மணி நேரம் கழித்து வருவாய் என்று நான் கேட்டதே இல்லை. அங்கே உட்கார்ந்து அவனோடு என்ன பேசுவாய்? என்னைப் பற்றிக் குறை சொல்வாயா? அவன் அம்மாவைப் பற்றிக் கேட்பாயா? எனக்குத் தெரியாத ஒரு பிலோ அவனுக்குத் தெரியும். அவளுக்காக அழ அவனை நான் விடவில்லை.

அந்தப் பெண் எழுந்து வந்து என் முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்தாள். குடித்துவிட்டு, காலிப் பையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்த ரஹீம், "எங்க வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். ஷேர் ஆட்டோவில் காலடிப்பேட்டை வரைக்கும் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன். வெளிச்சம் இன்னும் இருக்கிறது. மாடிக்குப் போய்ப் பெட்டிகளைப் பார்த்தேன். மண்ணை மாற்ற வேண்டும் போலிருக்கிறது. என் கைக்கு முளைக்குமா என்று தெரியவில்லை. முளைத்தாலும் அது என் முள்ளங்கிதான், உன் பேரில் போகாது. உன் பேரை வைத்து இனி ஒரு பொய் கிடையாது.

நாளைக்குப் பூசை முடிந்ததும் ரஹீமைக் கல்லறைக்குக் கூட்டிவருகிறேன். ஒரு கை மண் போடட்டும். நான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வீர்களோ பேசிக்கொள்ளுங்கள்.

உனக்கு நான் தருகிற சத்தியம் ஒன்றுதான். இனிமேல் உன்னை யார் விசாரித்தாலும், வாய் கூசினாலும், நடுத்தெருவில் அழுகை வந்தாலும், நீ செத்துவிட்டாய் என்று அவர்களிடம் சொல்வேன். அழ வேண்டியவர்கள் அழட்டும்.

உன் வூட்டுக்காரன்,
அந்தோணி