ஏழு மணிக்கு அடிக்கும் போன்

கம்பம்
23.11.1999, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்குச் சொர்ணலதா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கயலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது எதைக் கொடுத்தாலும் துப்புகிறாள், ஆனால் சிரித்துக்கொண்டே துப்புகிறாள். அத்தைக்கு முழங்கால் வலி எப்போதும்போல. மழை விட்டபாடில்லை. சுருளிப்பட்டித் தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடித்த அன்றே மழை வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி என் செய்தி.

போனில் சொல்ல வேண்டியதுதானே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசினால் நான் நம்பிவிடுவேன். நாலு மாதமாக அப்படித்தான் நம்பினேன். காகிதத்தில் உங்கள் குரல் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

கயல் பிறந்து ஆறு மாதம் ஆனதும் மதுரைக்கு வந்து, யுனிவர்சிட்டி லேபில் உட்கார்ந்து என் தீசிஸை முடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். நினைவிருக்கிறதா? நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். "கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு அலையணும்? லேபையே வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிர்றேன்" என்றீர்கள். சொன்னபடியே கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். கூடவே போன் வழியாகப் பேசுகிற அந்த மோடம். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. பெண்டாட்டி படிக்கிறதுக்காக இப்படிச் செய்கிற ஆம்பிளை உண்டா என்று அடுத்த வீட்டு அன்னத்தாய் அக்கா வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நம் பள்ளத்தாக்கின் முப்பது வருட மழைக் கணக்கு முழுவதும் டிபார்ட்மெண்ட் மெஷினில் இருக்கிறது. என் புரோகிராமும் அதில்தான் ஓடும். இங்கே இருப்பது அதோடு பேசுவதற்கு ஒரு வாய், அவ்வளவுதான். சாயங்காலம் லேபைப் பூட்டுவதற்கு முன்னால் நீங்கள் போனிலிருந்து வயரைப் பிடுங்கி மோடத்தில் செருக வேண்டும். ஏழு மணிக்கு இங்கிருந்து நான் டயல் பண்ணுவேன். அங்கே மோடம் எடுக்கும். இரண்டு மோடமும் கீச்சுக்கீச்சென்று கத்தி ஓய்ந்ததும் திரையில் யுனிவர்சிட்டி பெயர் வரும். முதல் நாள் அது வந்தபோது கயலைத் தூக்கிச் சுற்றினேன். அத்தை, "ஏத்தா, பிள்ளைக்குத் தலை சுத்தப் போகுது, இறக்கி விடு" என்று வைதார்கள்.

ஆறு மணிக்கு மேல் லேப் நம்பருக்கு யாரும் போன் போடக் கூடாது, மோடம் எடுத்துக் காதுக்குள் கத்தும் என்று ஒரு சட்டமும் போட்டீர்கள். நாங்களும் அதற்குக் கட்டுப்பட்டோம். உங்களோடு பேச வேண்டுமானால் பகலில்தான் பேசினோம். வைகாசியிலும் ஆனியிலும் இரண்டு அத்தியாயத்துக்கான வேலை மளமளவென்று ஓடியது. இன்னும் இரண்டுதான் பாக்கி என்றிருந்தேன்.

ஆடி பிறந்ததும் டிபார்ட்மெண்டில் ஒரே ஒரு லெக்சரர் வேலைக்கு விளம்பரம் வந்தது. தீசிஸ் கொடுத்தவர்கள்தான் அதற்கு விண்ணப்பம் போட முடியும். நீங்கள் போன வருடமே கொடுத்துவிட்டீர்கள். நான் டிசம்பர் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை இருக்கட்டும், என் பதிவே ரத்தாகிவிடும். ஆடி முடிவதற்குள் லைன் நின்றுபோனது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாத நான் புள்ளியியலில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேனாம். வெட்கக்கேடு.

ஏழு மணிக்கு டயல் பண்ணுவேன். அங்கே மணி அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும். எதுவும் எடுக்காது. மறுநாள் பகலில் உங்களைக் கேட்டால், "நான் வயரைச் செருகிட்டுத்தான் ரூமுக்குப் போனேன். உங்க பக்கம் லைன் சரியில்ல, மணி பலமா வரலைன்னா மோடம் எடுக்காது" என்பீர்கள். டெலிபோன் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். லைன்மேன் பலவேசம் அண்ணன் வந்து பார்த்து, "இங்கன எல்லாம் நல்லாத்தேன் இருக்கு தாயி" என்றார். நான் விடவில்லை. சண்டை போட்டு, போஸ்ட்டிலிருந்து வீடு வரைக்கும் புது வயர் இழுக்க வைத்தேன். அதற்கும் சரியாகவில்லை. அப்போது நீங்கள்தான், "அம்மாவோட முருங்கை மரம் வயர்ல உரசுதுல்ல, மழை நேரத்துல அதுதான் கெடுக்குது" என்றீர்கள்.

காய்த்துக் குலுங்கிய மரம். அத்தை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உம் படிப்புக்குத்தானத்தா, வெட்டிக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஆள் வைத்து வெட்டினேன். அன்றைக்கும் ஏழு மணிக்கு மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை மேலேயே பாய்ந்தேன். நான் டயல் பண்ணும்போது ரிசீவரை எடுத்து வைத்துக் கெடுக்கிறீர்களா என்று கேட்டேன். அவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது, உங்கள்மேல் மட்டும் போடத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அத்தை போனைத் தொடுவதே இல்லை. ஆண்டிபட்டியிலிருந்து அவர்கள் தம்பி கூப்பிட்டால்கூட நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இனி நடந்ததைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் கயலுக்குக் காய்ச்சல் ஏறி, டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் உள்ளே பிள்ளையோடு இருந்தேன். அத்தைக்கு வெளியே இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போய், சுருக்குப்பையிலிருந்த உங்கள் லேப் நம்பரைக் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மணி எட்டு. உங்கள் சட்டத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும்போது மெசினாவது மண்ணாங்கட்டியாவது என்று நினைத்தார்களாம்.

நீங்கள் எடுத்தீர்கள்.

அத்தை பத்து நாள் இதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். போன சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் டயல் பண்ணிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அழுதேன். அப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "ஆத்தா, அந்த மெசினு ஒண்ணும் அங்க கத்தல. அவன்தேன் எடுத்து அலோன்னான். பின்னால பயலுக சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு" என்றார்கள். நீங்கள் பிள்ளையைப் பற்றி விசாரித்ததையும், விசாரித்து முடித்ததும் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். "நான் எடுத்தேன்னு அவகிட்டச் சொல்லாதம்மா. இருக்கிறது ஒரு வேலை. ரெண்டு பேரும் போட்டா வீட்டுக்குள்ள நல்லா இருக்காது. லைன் கிடைக்கலைன்னா அவளே விட்டுருவா. நீயுந்தான பிள்ளையப் பாத்துக்க ஆளில்லைன்னு சொன்ன?" இதுதானே நீங்கள் சொன்னது?

"நான் எப்பம்டா அப்படிச் சொன்னேன்னு கேக்க வாய் வரல ஆத்தா. பெத்தவளாச்சே" என்று அத்தை முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அப்போது அழுகை நின்றுவிட்டது.

அப்படியும் நான் முழுதாக நம்பவில்லை. என் புத்தி அப்படி. காய்ச்சல் பிள்ளையை நினைத்துப் பதறிய நேரத்தில் அத்தை எதையாவது மாற்றிக் கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்காக நானே வக்காலத்து வாங்கினேன். நேற்று ஏழு மணிக்கு வீட்டிலிருந்து டயல் பண்ணினேன். மணி அடித்து ஓய்ந்தது. உடனே கயலை அத்தையிடம் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே பூத்துக்கு ஓடி, அதே நம்பரைப் போட்டேன். இரண்டாவது மணிக்கே எடுத்து "ஹலோ, ஸ்டாட்ஸ் லேப்" என்றீர்கள். குரலில் நல்ல உற்சாகம். நான் வைத்துவிட்டேன்.

நான் வீட்டிலிருந்து அடித்த ஒவ்வொரு மணியும் உங்கள் கையெட்டும் தூரத்தில் அடித்திருக்கிறது. ஏழு மணி என்றால் அது நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். இங்கே ஒருத்தி மரத்தை வெட்டிக்கொண்டு, மாமியாரை வைதுகொண்டு, லைன்மேனிடம் மல்லுக்கு நின்றுகொண்டு கிடக்கிறாள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தீர்கள். எப்படி மாமா முடிந்தது? மணி அடித்து முடித்த பிறகு என்ன செய்வீர்கள்? டீ குடிக்கப் போவீர்களா?

நாலு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அப்போது நான் உங்களைப் பாண்டி என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டேன். உங்கள் தீசிஸின் மூன்றாவது அத்தியாயமே தப்பு என்று கண்டுபிடித்தவள் நான். கயலை வயிற்றில் வைத்துக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டே, அதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தவளும் நான். அப்போது எனக்குப் போட்டி என்ற நினைப்பே வரவில்லை. நீ இந்த வேலைக்குப் போடாதே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். யார் கண்டது, விட்டும் கொடுத்திருப்பேன். கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள். அதுவும் ஆசையாக வாங்கிக் கொடுக்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, என்னை லேபுக்கு வரவிடாமல் வீட்டிலேயே உட்கார வைத்து, பிறகு மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கினீர்கள். முதல் நாளே இந்த எண்ணம் இருந்ததா, இல்லை விளம்பரம் வந்த பிறகுதான் வந்ததா? இது மட்டும் எனக்குப் புரியவில்லை. படுத்தால் இதுதான் ஓடுகிறது.

இன்று காலையில் ஞானதுரை சாருக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் திகைத்துப்போனார். "நீயா விலகிட்டேன்னு பாண்டீஸ்வரன் சொன்னாரேம்மா" என்றார். நான் உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார் சார் என்று சமாளித்தேன். என் கைடிடமே நான் விலகிவிட்டதாகச் சொன்ன உங்களுக்காக என் வாய் இன்னும் பொய் சொல்கிறது பாருங்கள். திங்கட்கிழமை வந்து உட்கார், இன்னும் காலம் இருக்கிறது, மெஷினும் இருக்கிறது என்று சார் சொல்லிவிட்டார்.

அதனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். கயலும் வருகிறாள். அத்தையும் வருகிறார்கள். நான் கூப்பிடவில்லை. "பிள்ளைய நான் வச்சுக்கிறேன், அந்த லேபு வாசல்லயே உக்காந்திருக்கேன், எவன் என்ன சொல்றான்னு பாப்போம்" என்று அவர்களே பையை எடுத்து வைத்துவிட்டார்கள். யுனிவர்சிட்டிப் பக்கம் என் சிநேகிதி விஜி வீட்டில் இடம் கேட்டிருக்கிறேன். தீசிஸை நான் கொடுத்துவிடுவேன். வேலைக்கும் போடுவேன். உங்களுக்குக் கிடைத்தாலும் கிடைக்கட்டும், எனக்குக் கிடைத்தாலும் கிடைக்கட்டும், அது வேறு. இதில் நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. வயரைச் செருக வேண்டாம். மோடம் இனி எனக்குத் தேவையில்லை.

கேட்பது வேறொன்று. இந்தக் கடிதம் வியாழன், வெள்ளிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஏழு மணிக்கு வீட்டிலிருந்து போடுவேன். கம்ப்யூட்டரில் இல்லை, கையால் சுழற்றி. லேபில் யாரும் இருக்க மாட்டார்கள். சாவி உங்களிடம்தான் இருக்கிறது. வந்து போன் பக்கத்தில் உட்காருங்கள். மணி அடித்ததும் எடுங்கள். நான் பிடுங்கினேன் லதா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏன், எதற்கு என்ற விளக்கமெல்லாம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உங்களோடு குடும்பம் நடத்த முடியுமா என்று பார்க்கிறேன். சொல்லாமல் விட்டால், திங்கட்கிழமை லேபில் பக்கத்து மேஜைக்காரியாக வந்து உட்காருவேன், அதற்கு மேல் இல்லை.

மழையில் நனைய வேண்டாம், உங்களுக்குச் சளி உடனே நெஞ்சில் கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சுருளி வேலப்பர் உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது கயலை மடியில் வைத்திருப்பேன். எடுத்துவிடுங்கள், மாமா.

இப்படிக்கு,
சொர்ணலதா