என் மொட்டை மாடியையும் என் திட்டையும் சுற்றுலாப் பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
விடுதித் துணிகளைச் சலவை செய்பவர்
(இணையத்தில் ‘கோபக்கார அக்கா’),
மாடி வீடு, விடுதிக்குப் பின்சந்து.

பெறுநர்:
உயர்திரு சுற்றுலா அலுவலர் அவர்கள்,
சுற்றுலா அலுவலகம்.

பொருள்: என் மொட்டை மாடியை ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ பக்கத்திலிருந்தும், என் கோபத்தை ‘பெற வேண்டிய அனுபவங்கள்’ பக்கத்திலிருந்தும் நீக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நான் கத்தாமல் எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் முதலில் கருத்தில் கொள்ள வேண்டும்.

1. சந்து முனை விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து என் மாடியில் காயப்போடுவது என் தொழில். விடுதியின் இணைய விளம்பர வேலையைப் பார்க்கும் பெண் ஒரு மாலை மேலே வந்து, வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே நடந்து ரீல்ஸ் எடுத்தார். சின்னப் பெண்தானே என்று நானே கொடியை விலக்கி வழிவிட்டேன்.

2. மறுநாள் முதல் விடுதிக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் மாடிக்கும் வந்தார்கள். விரிப்பில் முகம் புதைத்துப் படம் எடுத்ததில் உதட்டுச்சாயம் ஒட்டியது. அவர்கள் படுத்துத் தூங்கப்போவதும் அதே விரிப்புகளில்தான் என்பதைத் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன். பொறுமை இழந்து, “உங்க வீட்டுத் துணியில இப்படித்தான் மூஞ்சியத் தொடைப்பீங்களா? இறங்குங்க கீழ!” என்று கத்தினேன். அதையும் படம்பிடித்து, அடியில் மொழிபெயர்ப்பும் போட்டுவிட்டார்கள்.

3. இப்போது விரிப்பைப் பார்க்க யாரும் வருவதில்லை, திட்டு வாங்கவே வருகிறார்கள். கைப்பேசி வரைபடத்தில் என் வீட்டுக்கு ‘கோபக்கார அக்கா பாயிண்ட்’ என்று பெயர். காய்ச்சலில் நான் வாய் திறக்காமல் கிடந்த அன்று, ‘எதிர்பார்த்த அளவுக்குத் திட்டவில்லை’ என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். விடுதி மேலாளர் நேரில் வந்து, “அக்கா, கொஞ்சம் கேமராவப் பாத்துத் திட்டுங்க” என்றார். அவரைத் திட்டியதைத்தான் இதுவரை அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

4. தங்கள் இணையதளத்தில் புகார் பதிவு செய்தேன். ‘தங்கள் இனிய பயண அனுபவத்தைப் பகிர்ந்தமைக்கு நன்றி’ என்று பதில் வந்தது. தங்கள் அலுவலகப் பக்கத்திலும் நான் வாயைப் பிளந்தபடி இருக்கிறேன். படம் நன்றாக வந்திருக்கிறது என்கிறார் என் வீட்டுக்காரர். அவரோடு நான் தற்போது பேசுவதில்லை.

5. இதுவரை படித்துத் தாங்கள் சிரித்திருந்தால் தவறில்லை. என் அண்ணியும் சிரித்தார். ஆனால் சென்ற வாரம், நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள், காற்றில் பறந்த விரிப்பைப் பிடிக்கக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றாள். “இறங்குடி!” என்று உயிரே போகக் கத்தினேன். வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, “சூப்பர்மா, இன்னொரு தடவ சொல்லு” என்று அங்கேயே நின்றாள். ஓடிப்போய் இழுத்து இறக்கினேன். ஐயா, அம்மா கத்தினால் இறங்க வேண்டும் என்பது பிள்ளைக்கு மறந்துபோனால், இந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, என் வீட்டை வரைபடத்திலிருந்தும், என் முகத்தைத் தங்கள் பக்கத்திலிருந்தும் நீக்கி, விடுதி தன் விருந்தினரை என் மாடிக்கு அனுப்பாதிருக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நேரில் விசாரிக்க வருவதானால், கைப்பேசியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். வந்து கைப்பிடிச் சுவரில் சற்றுச் சாய்ந்து நில்லுங்கள். நான் கத்துவேன். தாங்கள் சிரிக்காமல், பதறி விலகி நிற்க வேண்டும். மாலையில் வந்தால் நல்லது. பள்ளி விட்டு வந்த என் மகளும் அதைப் பார்ப்பாள்.

நாள்: மழையால் யாரும் மேலே வராத திங்கட்கிழமை
இடம்: இன்னமும் என் வீடு

தங்கள் உத்தரவு வரும்வரை வாயைக் கட்டியிருக்கும்,
(கையொப்பம்)
நாலாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா