எண்ணெயோடு வந்த ஃபாதர்

எல்கடுவ
10.3.2008

மகளே,

இந்தியாவுக்கு அனுப்பிப் பார்த்த என் இரத்தப் பரிசோதனையின் முடிவை நீ மறைத்தது தவறு. புற்றுநோய் அணுக்களில் எந்த மரபணு ஓங்கி வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று பார்த்து நோயின் போக்கைச் சொல்கிறார்கள். அது என்ன சோதனை என்று நானே படித்துத் தெரிந்துகொண்டேன்; முடிவுதான் உன்னிடம் இருக்கிறது.

"நல்லா இருக்கீங்கப்பா" என்று கொழும்பிலிருந்து போனில் சொன்னாய். மறுநாளே ஃபாதர், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைப்பூசுதல் எண்ணெயோடு வந்து நின்றார்.

"நல்லா இருக்கிறவனுக்கு எதுக்குங்க ஃபாதர் எண்ணெய்?" என்றேன்.

"உங்க மக டொறீன்தான் போன்ல அழுதுகிட்டே கேட்டுச்சு" என்றார்.

மருந்து ஏற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவன் நான். ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை நீயே கொண்டு வா. வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னால் கொட்டு. தாள் கசங்கக் கூடாது. ஃபாதர் இனி நான் கூப்பிட்டால் வரட்டும்.

ஃபாதர் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் நீ வாய் திறக்காதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா