கைமாக் என்று அனுப்பிய ஓணான்

ஜனவரி 11
என் ஓணான் மித்ஸா இன்றும் மணலைக் கிளறிவிட்டு அப்படியே படுத்துவிட்டாள். முட்டை இறங்கவில்லை. வயிறு கல்லாக இருக்கிறது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், உடனே அனுப்புங்கள் என்கிறார் டாக்டர் யாஸ்னா. அவர் இருப்பது பெல்கிரேடில். இந்த உஜித்ஸேயில் தாடி ஓணானுக்கு வைத்தியம் பார்க்க யார் இருக்கிறார்கள்? நான் எப்படிப் போவது? பனியில் வழுக்கி விழுந்த ஸ்தோயான் மாவுக்கட்டோடு கிடக்கிறான். "ஓணானுக்கு ஆபரேஷன், புருஷனுக்கு வெறும் சூப்பா?" என்று வேறு கேட்கிறான். சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 12
பஸ்ஸில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். மருந்து, சாவி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு எல்லாமே இங்கே டிரைவர் கையில்தான் போகிறது. ஆனால் பெல்கிரேட் பஸ் டிரைவர் ரதோமிர் உயிருள்ள எதையும் ஏற்றமாட்டார். யாரோ அனுப்பிய சேவல் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் அவர் தலைமேல் ஏறியதிலிருந்து இந்தச் சபதம்.
என்ன சொல்வது அவரிடம்?

ஜனவரி 13
காலையில் கட்டினேன். தெர்மாகோல் பெட்டி, துணிப்பையில் மித்ஸா, மூடிக்கு உள்பக்கம் சூட்டுப் பொட்டலம். காற்றுப் பட்டால்தான் அது சூடாக இருக்கும், அதற்காக மூடியில் துளைகள். மகளுக்குக் கைமாக் என்று சொல்லிக் கொடுத்தேன். ரதோமிர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பாலாடையை யார் சந்தேகப்படுவார்கள்?

அதே நாள், மாலை
பொஜெகா தாண்டிப் பனியில் பஸ் நின்றுவிட்டது. போன் செய்தேன். மனுஷர் பெருமையாகச் சொல்கிறார்:
"கைமாக் கெட்டுப்போகாதுக்கா. சாமான் அறையில குளிர்லதான் வச்சிருக்கேன். வாசனை வராம இருக்க ரெண்டு பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டிட்டேன்."
குளிரிலும் வைத்து, காற்றையும் அடைத்து — பொட்டலம் எப்போதோ அணைந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே என் வாயால் அவள் கெட்டாள். உண்மையைச் சொன்னேன், ஆஸ்பத்திரிப் பெயரையும் சொன்னேன். பையை அவிழுங்கள், உள்ளே கொண்டுவாருங்கள் என்று கெஞ்சினேன்.
"என்கிட்ட ஒரு வார்த்தை நெசத்தைச் சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" என்றார். வைத்துவிட்டார்.
திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன். எடுக்கவில்லை. எடுங்களேன், ரதோமிர். திட்டிட்டாவது எடுங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?

ஜனவரி 14
டாக்டர் யாஸ்னா பேசினார். பெட்டி வந்துவிட்டது. ரதோமிரே ஆஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு வந்தாராம், கோட்டு இல்லாமல். கோட்டு பெட்டியைச் சுற்றி இருந்ததாம். பனியில் நின்ற நேரமெல்லாம் பயணிகள் ஆள் மாற்றி ஆள் மடியில் வைத்திருந்தார்களாம். காற்றுப் பட்டதும் பொட்டலமும் மறுபடி சூடு பிடித்திருக்கிறது.
மூச்சு இருக்கிறது. ஆனால் விறைத்துப்போய்த்தான் வந்தாள் என்றார்.

ஜனவரி 15
முட்டைகளை எடுத்துவிட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. முட்டையை அறுத்து எடுக்கலாம், உடம்பில் ஏறிய குளிரைத்தான் எடுக்க முடியவில்லை என்கிறார் டாக்டர்.
ஸ்தோயான் இன்று கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஜனவரி 17
போய்விட்டாள்.

ஜனவரி 24
ஒரு வாரமாகப் பஸ் நிலையத்துப் பக்கமே போகாமல் சுற்று வழியில் போய்க்கொண்டிருந்தேன். இன்று ஸ்தோயானுக்கு மருந்து வாங்கிவிட்டு நேராகப் போனேன். பெல்கிரேட் வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ரதோமிர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.
"எப்படிக்கா இருக்கு?"
நன்றாக இருக்கிறாள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்த மனுஷருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும்.
"செத்துப்போச்சு, ரதோமிர். ரொம்பக் குளிர் ஏறிடுச்சு."
அவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். புறப்படும் நேரம் தாண்டியும் பயணிகளில் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.